நூற்றில் முப்பது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மகளின் காலுறையில் ஒன்றைக் காணோம். அதைத் தேடியதில் பஸ் போய்விட்டது. பத்து நிமிடம் தாமதமாக நுழைந்தால் கூட்டம் ஆரம்பித்திருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன வருடத்துக்குப் பிறகு நான் எதைச் செய்தாலும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு பிரமை.

விஷயம் இதுதான். ரயில் சிக்னல் விளக்கு செய்கிற கம்பெனி மறுபடி வந்திருக்கிறது. ஆளில்லாத கிராஸிங்குகளில் வைக்கச் சிவப்பு எல்.இ.டி. வேண்டும். சூரியத் தகடும் ஒரு சின்ன பேட்டரியும்தான் அங்கே மின்சாரம். நாலு நாள் மேகம் மூடினால் விளக்கு சோர்ந்துவிடுகிறதாம். அதே மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம் கேட்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள்.

எங்கள் பிரிவுத் தலைவி — நாங்கள் மேடம் என்போம் — பலகையில் 30 என்று எழுதி, பக்கத்தில் 40 என்று எழுதினார். போகிற மின்சாரத்தால் அதிகபட்சம் நூறு துளி வெளிச்சம் பிறக்கலாம் என்று வைத்துக்கொண்டால், எங்கள் எல்.இ.டி. சிப்பிலிருந்து வெளியே வருவது முப்பது. அதை நாற்பது ஆக்க வேண்டும்.

டாக்டர் எழுந்தார். (ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சிப்புக்கான படிகம் வளர்க்கிற டாக்டர்.) "என் படிகத்துல குறையே இல்லை. உள்ளே தொண்ணூறுக்கு மேல பொறக்குது. இன்னும் ஒண்ணு ரெண்டு ஏத்தணும்னா ஆறு மாசம் வேணும்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அப்போ மீதி அறுபது உள்ளேயே மாட்டிக்கிட்டுச் சூடாப் போகுதே, அதை வெளியே விடற வழியைப் பார்க்கலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க அளந்து குடுங்க, அது போதும்" என்றார். ஒரு நொடி விட்டு, "சரியா அளந்து குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 5, புதன்

நினைத்தது போலவே தூக்கம் சரியில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

என் வேலை, சிப்பிலிருந்து வரும் வெளிச்சத்தை அளப்பது. உட்புறம் முழுக்க வெள்ளை பூசிய ஒரு கோளம், பூசணிக்காய் அளவு. நடுவில் சிப்பை வைத்து எரியவிட்டால் எந்தப் பக்கம் போகிற வெளிச்சமும் தப்பாமல் கணக்கில் வந்துவிடும். முதலில் ஓர் ஒப்பு விளக்கை எரித்துப் பார்த்து, அதை வைத்து மற்றதையெல்லாம் அளக்க வேண்டும். ஒப்பு விளக்கும் எரிய எரிய மங்கும். இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும். போன வருடம் நான் மாற்றவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். அளவுகோல் தேய்ந்துபோனால் துணி நீளமாகத்தான் தெரியும். முப்பதை முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் அளந்தபோது முப்பது. அப்போதுதான் இந்தச் சிக்னல் கம்பெனி வேறு எங்கேயோ போய்விட்டது.

நோய் இல்லை, நொடி இல்லை. சோம்பல். அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

குளத்தில் கூட்டமே இல்லை. இவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பொதுக் குளம். ஊரார் பிள்ளைகளெல்லாம் இவரிடம் கற்றுக்கொண்டு மீன் மாதிரி போகிறார்கள். கட்டின மனைவி மட்டும் கைப்பிடிக் கம்பியை விடமாட்டாள். இன்று தலையையாவது முக்கு என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன்.

தலைக்கு மேல் ஒரு வட்டம். அதற்குள்தான் கூரை, விளக்கு, எட்டிப் பார்க்கிற மகள், எல்லாம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடி. குளத்தின் அடித்தரை ஓடு தலைகீழாகத் தெரிகிறது.

பதினெட்டு வருடமாகக் காகிதத்தில் வரைகிற படம். சிப்புக்குள் பிறக்கும் வெளிச்சத்துக்கும் இப்படி ஒரு வட்டம்தான் வாசல். கிட்டத்தட்ட நேராக வந்து மோதினால் வெளியே. சரிந்து வந்தால் திருப்பி உள்ளே. சிப் தண்ணீரை விட அடர்த்தி, அதனால் வாசல் இன்னும் சின்னது.

மேலே வந்து இருமினேன். "என்ன தெரிஞ்சுது?" என்றார் இவர். "என் ஆபீஸ் தெரிஞ்சுது" என்றேன். "தண்ணிக்குள்ள போயும் ஆபீஸா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 10, திங்கள்

டீ நேரத்தில் பிளேடு அண்ணனிடம் பேசினேன். பெரிய வட்டத் தகட்டைப் பொடிப்பொடி சிப்புகளாக அறுக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. நாள் முழுக்க பிளேடோடு வேலை, வாயைத் திறந்தாலும் பிளேடு. பெயர் இரண்டு விதத்திலும் பொருந்துகிறது என்று அவரே பெருமைப்படுவார்.

"அண்ணே, சிப்போட பக்கச் சுவரைச் செங்குத்தா இல்லாம சாய்ச்சு அறுக்க முடியுமா? மேலே அகலம், கீழே குறுகல்."

"எதுக்கும்மா?"

சர்க்கரை டப்பாவைக் காட்டிச் சொன்னேன். சுவரெல்லாம் நேராக இருந்தால், வெளிச்சம் எத்தனை தடவை மோதினாலும் அதே சரிவில்தான் மோதும். முதல் தடவை வாசல் கிடைக்காவிட்டால் கடைசி வரை கிடைக்காது. சுவர் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மோதலுக்கும் சரிவு மாறும். எங்கேயாவது ஓரிடத்தில் நேராகப் போய் மோதிவிடும். அப்போது வெளியே.

புதுசு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இருக்கிற யோசனைதான். எங்கள் இடத்தில் யாரும் செய்யவில்லை, ஏனென்றால் சாய்த்து அறுத்தால் ஓரம் உதிர்ந்துபோகும்.

அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேடோட விளிம்பை ஆப்பு மாதிரி தீட்டணும். கடையில வாங்கினா மாசம் ஆகும். நானே கல்லுல தீட்டிடறேன்." பிறகு, "ஏம்மா, டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ ரொம்ப நல்லா தீட்டறேன்."

மார்ச் 13, வியாழன்

மேடத்திடம் அனுமதி. மூன்று கழிவுத் தகடுகள் கொடுத்தார். "கழிவுதானே, என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றார். நம்பிக்கை இல்லை, தடையும் இல்லை. எனக்கு அது போதும்.

மார்ச் 19, புதன்

நூறு அறுத்தால் அறுபது உடைகிறது.

மார்ச் 21, வெள்ளி

இன்று எழுபது உடைந்தது!

மார்ச் 25, செவ்வாய்

அறுவை அறைக் கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதை இன்றுதான் பார்த்தேன். இந்த ஆர்டர் வராவிட்டால் மே மாதத்திலிருந்து அறுக்கும் வேலையை வெளியே கொடுத்துவிடுவார்களாம். இங்கே இருப்பவர்கள் பேக்கிங் பிரிவுக்கு. இருப்பவர்கள் என்றால் ஒரே ஒருவர். இருபத்தாறு வருடமாக அவர் கை பட்டுத்தான் ஒவ்வொரு சிப்பும் பிறந்திருக்கிறது. அந்தக் காகிதம் பத்து நாளாக அங்கே இருக்கிறதாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

"ஏண்ணே சொல்லலை?"

"சொன்னா நீ அவசரப்படுவே. நீ அவசரப்பட்டா நான் அவசரப்படுவேன். பிளேடு அவசரப்பட்டா உடையும்."

மார்ச் 28, வெள்ளி

உடைவது பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது! ஒரே மூச்சில் ஆழமாக அறுக்காமல் இரண்டு தடவையாக, பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி அறுக்கிறார். ஒரு தகட்டுக்கு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "போர் அடிக்கலையாண்ணே?" என்றேன். "போர் அடிக்கிறது எனக்குக் கைவந்த கலையாச்சே" என்றார்.

திங்களன்று அளக்கிறேன். அடக்கிக்கொள்ள முடியவில்லை. வீட்டில் குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

இருபத்தேழு.

தட்டையான பழைய சிப் முப்பது. இத்தனை பாடுபட்டுச் செய்தது இருபத்தேழு. பத்து சிப் அளந்தேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தேழு...

மேடத்திடம் சொன்னேன். "சரி, முயற்சி பண்ணீங்க" என்றார். அந்தச் 'சரி'யை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. பிளேடு அண்ணனிடம் சொல்லப் போனேன். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு எனக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டார். ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு என்ன தேவை இதெல்லாம்? அளக்கச் சொன்னா அளந்துட்டுப் போக வேண்டியதுதானே? யார் கேட்டாங்க?

ஏப்ரல் 1, செவ்வாய்

மகள் காலையில், "அம்மா, நீங்க போட்ட கணக்கு தப்பா, செஞ்ச விதம் தப்பா?" என்று கேட்டாள். பதின்மூன்று வயது. கணக்கு வாத்தியாரிடம் திட்டு வாங்கும்போது தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்வியாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் யோசித்தேன். கணக்கு தப்பில்லை.

மதியம் ஒரு சிப்பை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, மின்சாரத்தை ரொம்பக் குறைத்து, மெல்லமாக எரியவிட்டேன். நடுவில் நல்ல சிவப்பு. சாய்ந்த சுவர்கள் நான்கும் கறுப்பு! மணல் காகிதத்தில் தேய்த்தது போலச் சொரசொரப்பாக ஒரு கருமை. வாசலைத் திறந்துவிட்டு வாசலிலேயே கரி பூசியிருக்கிறோம்.

படம் எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன். 

அவர் படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது வெட்டுக் காயம்" என்றார். அறுக்கும்போது சுவரின் மேற்படலம் நொறுங்கியிருக்கிறது; நொறுங்கிய படலம் வருகிற வெளிச்சத்தையெல்லாம் விழுங்குகிறது. எழுந்து நடந்தார். திரும்பி வந்து படத்தை மறுபடி பார்த்தார். என்னைப் பார்க்காமலேயே, "அமிலத்துல கொஞ்சம் முக்கி எடுத்தா அந்தப் படலம் கரைஞ்சிடும். எவ்வளவு நேரம்னுதான் பார்க்கணும். என் தொட்டியிலயே பண்ணலாம். நாளைக்கு வாங்க" என்றார்.

நன்றி என்றேன். "என் படிகம்தானே கறுப்பா தெரியுது. எனக்குப் பொறுக்கலை" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

பத்து விநாடி முக்கியதில் முப்பத்து மூன்று.

முப்பத்து மூன்று!! தட்டையானதைத் தாண்டிவிட்டோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இருபது விநாடி: முப்பத்தெட்டு. டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தானே முக்குகிறார், வேறு யாரையும் தொடவிடுவதில்லை. நாற்பத்தைந்து விநாடி வைத்ததில் மின்சாரம் ஏறுகிற உலோகத் தொடுப்பு உரிந்து, சிப் எரியவே இல்லை. "பேராசை" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முப்பது விநாடி.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

அறையில் நான் மட்டும்தான். எண் திரையில் நின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. போன வருடமும் இப்படித்தான் ஒரு நல்ல எண் திரையில் நின்றது. கதவைச் சாத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

ஏப்ரல் 9, புதன்

ஒப்பு விளக்கை மாற்றினேன் (அதற்கு இன்னும் அறுபது மணி நேரம் ஆயுள் இருந்தது, இருந்தாலும்). கோளத்தைத் துடைத்தேன். சிப்பைத் தாங்கும் பிடி எவ்வளவு வெளிச்சத்தைக் குடிக்கிறது என்று தனியாகக் கணக்கெடுத்துச் சரிசெய்தேன். பிறகு பழையது பத்து, புதியது பத்து, இருபதையும் கலந்து எண் மட்டும் போட்டு ஒட்டித் தரச் சொன்னேன் பிளேடு அண்ணனிடம். எது எது என்று எனக்குத் தெரியக் கூடாது. "நம்ம மேலயே நமக்குச் சந்தேகமா?" என்றார். "என் மேலதான்" என்றேன்.

அளந்து முடித்துப் பட்டியலைப் பிரித்தேன். பத்து சிப் முப்பதை ஒட்டி. பத்து சிப் நாற்பத்தொன்றை ஒட்டி. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

அப்போதுதான் அண்ணனிடம் எண்ணைச் சொன்னேன்.  இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடத்துக்குச் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இன்னைக்கே வாடிக்கையாளருக்கு லெட்டர் போட்டுடலாம்."

"வேண்டாம் மேடம். வெளி ஆய்வகத்துல ஒரு தடவை அளக்கட்டும். பன்னிரண்டு நாள் ஆகும்."

"பன்னிரண்டு நாளா! மாசக் கடைசி கெடுன்னு தெரியுமில்லை? போட்டிக்கு நிக்கற ரெண்டு கம்பெனியும் நாளைக்கே நம்பர் குடுத்துட்டா?"

"தெரியும். ஆனா இந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போன வருஷம் வேண்டாத நேரத்துல வேகம். இப்போ வேணுங்கற நேரத்துல பிரேக். உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

 அப்போது கதவருகே நின்ற டாக்டர் உள்ளே வந்தார். "அவங்க சொல்றதுதான் சரி மேடம். இந்தத் தடவை நம்பர் வெளியே போனா திரும்பி வரக் கூடாது. நான் அவங்க பக்கம்" என்றார்.

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பன்னிரண்டு நாள். ஒரு நாள் கூடுதலா ஆனா நான் மனுஷியா இருக்கமாட்டேன்." சிப்புகளை மதியமே அனுப்பிவிட்டோம்.

வெளியே வந்து, "தேங்க்ஸ் டாக்டர்" என்றேன். "அன்னைக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். சட்டென்று திரும்பி வேகமாகப் போய்விட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

தபால் பெட்டியைப் பார்ப்பது, மெயிலைப் பார்ப்பது. மகள் சொல்கிறாள், "அம்மா, நீங்க காதல் கடிதத்துக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு." இவர் செய்தித்தாளை இறக்கி, "எனக்காக உங்கம்மா ஒரு நாளும் இப்படிக் காத்திருந்ததில்லை" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கம்பியை விட்டேன். நாலு கை வீச்சு. மூழ்கினேன். இருந்தாலும் நாலு.

ஏப்ரல் 23, புதன்

வந்துவிட்டது!!!

காலை பதினொன்றேகால். மெயில். திறக்கக் கை வரவில்லை. பிளேடு அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் டாக்டரைக் கூப்பிட்டார், டாக்டருக்குப் பின்னால் மேடமே வந்து நின்றார். ஐந்து பேர் மட்டும் நிற்கக்கூடிய அறையில் ஒன்பது பேர். அண்ணன்தான் சத்தமாகப் படித்தார். முகவரி, தேதி, முறை, வெப்பநிலை எல்லாவற்றையும் விடாமல் படித்தார், பாவி, வேண்டுமென்றே. "அண்ணே, எண்ணைப் படிங்கண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"நாற்பத்திரண்டு புள்ளி மூன்று."

என்னுடையதை விட அதிகம்! நான் குறைத்து அளந்திருக்கிறேன்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கு ஒழுக, மேடத்தைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் விடவில்லை. டாக்டர் மேஜையை அறைந்தார், டீ கொட்டியது, யாரும் துடைக்கவில்லை. பிளேடு அண்ணன் அறுவை அறைக்கு ஓடிப்போய்க் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, அதைச் சாய்வாக நாலாக மடித்து, "இந்த ஓரம் உடையலை பார்த்தீங்களா" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நூற்றில் முப்பது வந்த இடத்தில் நாற்பத்திரண்டு. படிகம் அதேதான். மின்சாரம் அதேதான். உள்ளே கிடந்து செத்துக்கொண்டிருந்ததில் பன்னிரண்டு துளியை வெளியே விட்டிருக்கிறோம். நாங்கள்! ஒரு கல்லில் தீட்டின பிளேடும், முப்பது விநாடி அமிலமும், சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அளந்த நானும்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நாலு பஸ் ஸ்டாப். இவரிடம் சொன்னதும் அப்படியே தூக்கிவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது அவருக்கு. நாளைக்கு நீச்சல் வகுப்பு ரத்து.

ஏப்ரல் 28, திங்கள்

லெட்டர் போனது. கீழே என் கையெழுத்து. போன வருடத்திலிருந்து என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் போட வேண்டும் என்று விதி. மேடம் அந்த இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "போதும், ஒண்ணு போதும்" என்றார்.

மே 20, செவ்வாய்

சிக்னல் கம்பெனியார் தாங்களே அளந்து பார்த்துவிட்டார்கள். எண் பொருந்துகிறது. ஆர்டர் உறுதி, மூன்று வருடத்துக்கு. அறுவை அறைக்கு இன்னும் இரண்டு இயந்திரம் வருகிறது. அண்ணனுக்குக் கீழே நாலு பேர். "நாலு பேரும் என் ஜோக்குக்குச் சிரிக்கிறாங்கம்மா. பயமா இருக்கு" என்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலிருந்து மழை. வேலை கொஞ்சம் மந்தம்.

மதியம் டாக்டர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். பச்சை வெளிச்சம் தருவது. ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வளர்த்துக்கொண்டிருந்த படிகம். அதிலிருந்து முதல் நாலு சிப்.

"எவ்வளவு வரும்னு நினைக்கறீங்க டாக்டர்?"

"சொல்லமாட்டேன். நீங்க முதல்ல அளந்து சொல்லுங்க."

கதவோரம் இருந்த ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாலையும் இரண்டு இரண்டு தடவை அளந்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் அசையவில்லை.

"பதினாறு" என்றேன். அவர் எதிர்பார்த்தது அதைவிட ரொம்பக் கூடுதல் என்று முகத்தில் தெரிந்தது.

ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பதினாறு என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார்.

"சரி. மீதி எங்கே மாட்டிக்கிட்டு இருக்குன்னு நாளைக்குப் பார்ப்போம். ஒன்பது மணிக்கு உங்க ரூம்லயே உட்காரலாமா? பிளேடையும் வரச் சொல்லுங்க."